கடைசி நாட்களுக்கு ஐசியூவா, வீடா, ஹாஸ்பிஸா? முடிவெடுக்கப் போற குடும்பத்துக்கு ஒரு ஒப்பீடு

"இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க, வீட்டுக்கு கூட்டிட்டுப் போயி நல்லா பாத்துக்கோங்க"னு டாக்டர் சொல்றாரே, அந்த ஒத்த வரியில நம்ம ஊர்ல நெறைய குடும்பம் அப்படியே நின்னுடுது. நோயை குணப்படுத்த இனி மருந்து இல்லங்கறதுதான் அவர் சொல்ல வந்தது, ஆனா நம்ம காதுல விழறது இவருக்காக இனி யாரும் எதுவும் செய்ய மாட்டாங்கனு, உடனே சொந்தத்துல பாதி பேரு வேற பெரிய ஆஸ்பத்திரி எதுனு போன் போட ஆரம்பிப்பாங்க, மீதி பேரு வராண்டாவுல நின்னு அழுவாங்க, நோயாளி மட்டும் கட்டில்ல படுத்துட்டு எல்லார் முகத்தையும் மாறி மாறி பாத்துட்டு இருப்பாரு. அந்த வரிக்கு அப்பறமும் செய்ய வேண்டியது உண்மையிலேயே நெறைய இருக்கு. வலியை அடக்கலாம், மூச்சுத்திணறலை குறைக்கலாம், வாந்தியை நிறுத்தலாம், ராத்திரி தூங்க வைக்கலாம், பேச வேண்டியத பேச வைக்கலாம். இது எல்லாத்துக்கும் தனியா ஒரு மருத்துவப் பிரிவே இருக்கு, பேலியேட்டிவ் கேர்னு, தமிழ்ல வலி நிவாரணம் மற்றும் ஆதரவு சிகிச்சைனு ஆஸ்பத்திரி போர்டுல எழுதியிருப்பாங்க.

எங்க குடும்பத்துல ரெண்டு பேரை கடைசி வரைக்கும் கூட இருந்து பாத்துக்கிட்டோம், அப்பறம் தெரிஞ்சவங்க வீடுகள்லயும் இந்த முடிவை எடுக்க கூட உக்காந்து பேசியிருக்கேன். அதுல நான் பாத்தது ஒண்ணுதான், வீடு நல்லதா ஆஸ்பத்திரி நல்லதானு பொதுவா கேட்டா பதில் கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா யாரு வருவா, கையில என்ன மருந்து இருக்கும்னு கேளுங்க, அப்போ பதில் தன்னால தெரியும்.

ஐசியூ

மொதல்ல இத சொல்லிடுறேன், ஐசியூ கெட்ட இடம் கிடையாது. திடீர்னு வந்த நிமோனியா, விபத்து, மாரடைப்பு, பாம்புக்கடி, இந்த மாதிரி சரி பண்ணா சரியாகிடும்ங்கற நோய்க்கு கட்டின இடம் அது, அங்க வெண்டிலேட்டர் கொஞ்ச நாளைக்கு மூச்சை தாங்கிப் பிடிச்சுக்கும், அதுக்குள்ள மருந்து நோயை சரி பண்ணிடும். பிரச்சினை எங்க வருதுனா, உடம்பு முழுக்க பரவின புற்றுநோய், கடைசி கட்ட ஈரல் நோய், வருஷக்கணக்கா முத்திப்போன நினைவிழப்பு நோய் இதுல எல்லாம் வெண்டிலேட்டர் எதுக்காக காத்திருக்குதுனு ஒரு கேள்வி இருக்கு, அதுக்கு பதில் இல்லாமலே குழாயைப் போட்டுடறாங்க. அதனால டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது "பொழைப்பாரா?"னு இல்ல, அதுக்கு எந்த டாக்டரும் நேரா பதில் சொல்ல மாட்டாரு. "இப்போ வந்திருக்கிற பிரச்சினை சரியாகக் கூடியதா, சரியானா இவரு எந்த நிலைமையில வீட்டுக்கு வருவாரு, எத்தனை நாள் வரைக்கும் பாக்கலாம்னு நீங்க நெனைக்கிறீங்க?" இந்த மூணையும் சேத்து கேளுங்க. புற்றுநோய் இருக்கிறவருக்கே கூட, வெறும் சிறுநீர்த் தொற்றாலயோ கால்சியம் ஏறினதாலயோ மயக்கம் வந்திருந்தா, சில நாள் ஆஸ்பத்திரி சிகிச்சையில தெளிஞ்சு எழுந்து உக்காருவாங்க, அத தவறவிடவும் கூடாது.

உள்ள என்ன நடக்கும்னு தெரிஞ்சுதான் கையெழுத்து போடணும். தொண்டையில குழாய் இருந்தா பேச முடியாது, அதை இழுத்துடாம இருக்க மயக்க மருந்து போகும், சில நேரம் கைய கட்டியும் வைப்பாங்க, பார்வையாளர் நேரம் காலைல கொஞ்சம் சாயந்திரம் கொஞ்சம். இதயம் நின்னா நெஞ்சை அமுக்கி ஓட வைக்கப் பாப்பாங்க, வயசானவங்களுக்கு அதுல விலா எலும்பு உடையறது சாதாரணமா நடக்குறது, கடைசி கட்ட நோயில அப்படி ஓட வச்சாலும் வீடு திரும்புறவங்க ரொம்ப ரொம்ப கம்மி. நம்ம ஆளு கடைசியா என்ன பேசினாங்கனு கேட்டா ஐசியூவுக்கு போறதுக்கு முன்னாடி பேசினதுதான் கடைசிங்கற வீடுகள் எத்தனையோ.

அப்பறம் பணம். தனியார்ல ஐசியூ ஒரு நாளைக்கே பல ஆயிரத்துல போகும், வெண்டிலேட்டரும் மருந்தும் சேந்தா இன்னும் ஏறும். முதலமைச்சர் காப்பீட்டுல ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, ஆனா எல்லா சிகிச்சைக்கும் எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஓடாது, சேந்ததுக்கு அப்பறம் கேக்காம சேர்றதுக்கு முன்னாடியே காப்பீட்டு கவுண்டர்ல கேட்டுக்கணும். நகை வச்சு, நிலத்த வித்து, கடைசில பணமும் தீந்து ஆளும் தேறாம, அப்போ குடும்பமே "எங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்"னு எழுதிக் கொடுத்துட்டு, ஆம்புலன்ஸ்ல மூச்சு கொடுக்கற பலூனை கையால அமுக்கிக்கிட்டே ஊருக்கு கொண்டு போறது நம்ம பக்கம் எவ்வளவு சகஜம்னு எல்லாருக்கும் தெரியும். அப்படி வர்றதுல ரொம்ப கொடுமையானது என்னனா, மருத்துவ ஆலோசனையை மீறி போறாங்கனு ஃபைல்ல எழுதிட்டதால வலிக்கு மாத்திரை கூட குடுத்து அனுப்ப மாட்டாங்க, ஆஸ்பத்திரியோட வசதியும் போச்சு வீட்டுல அதுக்கு ஏற்பாடும் இல்ல, நோயாளி நடுவுல மாட்டிக்கிறாரு. ஊருக்குத்தான் வரணும்னா அத முறையான டிஸ்சார்ஜா கேளுங்க, வலி மாத்திரை, மூச்சுத்திணறலுக்கு மருந்து, கூப்பிட ஒரு நம்பர் மூணும் சீட்டுல எழுதி வாங்குங்க.

சட்டம் பத்தி பயம் நெறைய பேருக்கு இருக்கு, வெண்டிலேட்டரை எடுக்கச் சொன்னா கொலை கேஸ் ஆகிடுமோனு. 2018 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தோட ஐந்து நீதிபதிகள் அமர்வு, மீள வழியில்லாத நோயாளிக்கு உயிரை இழுத்துப் பிடிக்கிற சிகிச்சையை நிறுத்தலாம், கவுரவமா இறக்கறதும் அடிப்படை உரிமைதான்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. முன்கூட்டியே "எனக்கு இந்த நிலைமை வந்தா வெண்டிலேட்டர் வேண்டாம்"னு எழுதி வைக்கவும் செய்யலாம். அந்த நடைமுறை ரொம்ப சிக்கலா இருந்ததால 2023 ஜனவரி 24ல சுலபமாக்கினாங்க, இப்போ ரெண்டு சாட்சி வச்சு நோட்டரிகிட்டயோ கெசட்டட் ஆபீசர்கிட்டயோ கையெழுத்து வாங்கினா போதும். ஆஸ்பத்திரியில முதல் மருத்துவக் குழு பாத்து, ரெண்டாவது குழுவும் ஒத்துக்கிட்டா சிகிச்சையை விலக்கலாம், ஒவ்வொரு குழுவும் முடிஞ்ச வரைக்கும் 48 மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லணும். ஊசி போட்டு உயிரை எடுக்கறது இன்னைக்கும் குற்றம்தான், அதுல மாற்றம் இல்ல. நெஞ்சை அமுக்கற சிகிச்சை வேண்டாம்னு முடிவெடுக்கறதுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020லயே தனியா வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. வெண்டிலேட்டர் போட்டுட்டு எடுக்கறதுக்குத்தான் இவ்வளவு குழு, இவ்வளவு கையெழுத்து, இவ்வளவு குற்ற உணர்ச்சி, அதனால போடணுமாங்கற பேச்சை அது தேவைப்படறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிடுங்க.

வீடு

கேட்டா பெரும்பாலான நோயாளிங்க வீட்டுக்குத்தான் போகணும்னு சொல்லுவாங்க. எங்க பெரியப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய், அவரும் இதத்தான் சொன்னாரு, மாட்டுக்கொட்டாய் சத்தமும் கோயில் மணியும் கேக்கற அந்த முன்னறையில கட்டில போடுனு. ஆனா வீட்டுக்கு கூட்டிட்டு வந்து வலியில துடிக்க விட்டா அது வீடா இருக்கறதுனால அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. எங்களுக்கு வீடு சரியா வந்ததுக்கு ஒரே காரணம் மார்பின்ங்கற வலி மாத்திரை, அத எழுதிக் கொடுத்த டாக்டர், கூப்பிட்டா போன் எடுத்த நர்ஸ். மாத்திரை ஆரம்பிச்ச அந்த வாரத்துலயே பெரியப்பா திண்ணைல வந்து உக்காந்து பேப்பர் படிக்கச் சொல்லிக் கேட்டாரு, வயல் குத்தகை கணக்க பேசி முடிச்சாரு, சித்தப்பாவோட பல வருஷமா பேசாம இருந்தவரு அவரையே கூப்பிட்டு விட்டாரு. வலி இருந்தப்போ இதுல ஒண்ணு கூட நடந்திருக்காது.

அதனால மார்பின் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா வீடுங்கற முடிவு பாதிக்கு மேல இதுலதான் நிக்குது. உலக சுகாதார அமைப்பு 1986லயே புற்றுநோய் வலிக்கு படிப்படியா மருந்து ஏத்துற முறைய கொடுத்துடுச்சு, முதல்ல பாராசிட்டமால் மாதிரி, அப்பறம் டிராமடால் மாதிரி, அதுக்கும் அடங்கலனா மார்பின். சாதாரண மார்பின் மாத்திரையோட வேலை சுமார் 4 மணி நேரம், அதனால நேரம் பாத்து கொடுக்கணும், வலி வந்து துடிச்சப்பறம் கொடுக்கறதுன்னா எப்பவும் வலிக்கு பின்னாடியே ஓடிட்டு இருப்போம். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பழகிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது, மார்பின் எழுதும்போதே மலமிளக்கியும் எழுதலனா திரும்பிப் போய் கேட்டு வாங்குங்க. கிட்னி கெட்டுப் போனவங்களுக்கு அளவு மாத்தணும் இல்ல வேற மருந்து கொடுக்கணும், அத டாக்டர்தான் பாக்கணும், பக்கத்து வீட்டுக்காரரோட மிச்ச மாத்திரையை எடுத்துக் கொடுக்கறது ஆபத்து. அடிமையாகிடுவாரு, சீக்கிரம் செத்துடுவாருங்கற பயம் படிச்சவங்க வீட்டுலயும் இருக்கு. வலிக்கு ஏத்த அளவுல டாக்டர் பாத்து கூட்டிக் கொடுக்கற மார்பின் ஆயுளை குறைக்கறது இல்ல, புற்றுநோய் வலிக்கு சாப்பிடறவங்க போதைக்கு அடிமையாகறதும் ரொம்ப அபூர்வம். விழுங்க முடியாதவங்களுக்கு தோல்ல ஒட்டுற ஃபென்டனில் பட்டை இருக்கு, ஒண்ணு ஒட்டினா 3 நாள் வரும், விலை மட்டும் ஜாஸ்தி.

ஏன் இந்த மாத்திரை தெரு மெடிக்கல்ல கெடைக்க மாட்டேங்குது? 1985ல வந்த போதைப்பொருள் சட்டத்துக்கு அப்பறம் ஒரு ஆஸ்பத்திரி மார்பின் வச்சுக்கணும்னா பல துறைல பல லைசென்ஸ் வாங்கணும்னு ஆகிடுச்சு, யாருக்கு இந்த தலைவலினு ஆஸ்பத்திரிகள் விட்டுடுச்சு. மத்தியப் பிரதேசத்துலயும் ராஜஸ்தான்லயும் அரசு அனுமதியோட அபின் விளையுது, மார்பின் அதுலேந்துதான் எடுக்கறாங்க, அது வெளிநாட்டுக்கு மருந்துக்காகப் போகுது, அதே நாட்டுல நம்ம ஆளுங்க அந்த மருந்து கெடைக்காம கத்திக்கிட்டே செத்திருக்காங்க, இத நெனச்சா எனக்கு இன்னைக்கும் ஆத்திரம்தான் வருது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் மாதிரி கேரளத்து பேலியேட்டிவ் கேர் ஆளுங்க வருஷக்கணக்கா போராடி 2014ல அந்தச் சட்டத்த திருத்த வச்சாங்க, இப்போ அங்கீகாரம் வாங்கின மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதில வச்சுக்கலாம். நம்மளைப் பொறுத்தவரை இதுக்கு அர்த்தம், மார்பின் கிடைக்கிற அங்கீகாரம் பெற்ற இடம் நம்ம மாவட்டத்துல எதுனு டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு வச்சுக்கணும். புற்றுநோய் சிகிச்சை தர்ற பெரிய ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரினு ஆரம்பிச்சு விசாரிங்க. தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட் 5ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தர்ற நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் சேத்திதான், நெறைய பேருக்கு அது பிரஷர் சுகர் மாத்திரை கொடுக்கற திட்டம்னு மட்டுமே தெரியும், உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் பேரு பதிஞ்சு வைங்க.

வீட்டுல தேவைப்படற மத்ததெல்லாம் சமாளிக்கக் கூடியதுதான். காத்து பெட், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பொரட்டிப் படுக்க வைக்க ரெண்டு ஆளு, டயப்பர், வாய் சுத்தம் பண்ண ஈரத் துணி, உதட்டுக்கு வாசலின். மூச்சுத்திணறலுக்கு முகத்துக்கு நேரா ஒரு டேபிள் ஃபேன் வச்சாலே நெறைய பேருக்கு ஆறுதல் கெடைக்கும், இத ஆராய்ச்சியாவே பண்ணி பாத்திருக்காங்க, குறைஞ்ச அளவு மார்பினும் மூச்சுத்திணறலுக்கு உதவும்.

சாப்பாடுதான் வீட்டுல பெரிய சண்டை. "ரெண்டு வாய் சாப்பிட்டாத்தானே தெம்பு வரும்"னு அத்தைமாருங்க கஞ்சிய ஊத்திக்கிட்டே இருப்பாங்க, அவங்க பாசம் அப்படி, சாப்பாட்டாலதானே அவங்க ஆயுசு பூரா பாசத்த காட்டியிருக்காங்க. ஆனா கடைசி வாரங்கள்ல உடம்பு தானே சாப்பாட்ட நிறுத்திக்கும், பசிக்காது, சாப்பிடாததால அவரு சாகப்போறது இல்ல, உடம்பு அடங்கறதால சாப்பிட முடியல. அந்த நேரத்துல டிரிப்ஸ் ஏத்தினா தெம்பு வராது, கால் வீக்கமும் நெஞ்சுல சளியும்தான் கூடும். முழுங்க முடியாம போனப்பறம் பால் ஊத்தறது, அவங்க நிலத்து மண்ண கரைச்சு வாயில விடறதுனு நம்ம ஊர் சடங்கு இருக்கே, ஆசை அடங்கிப் போகட்டும்னு செய்யறது, அத செய்யாதீங்கனு நான் சொல்ல மாட்டேன், ஆனா ஸ்பூன் ஸ்பூனா ஊத்தினா மூச்சுக்குழாய்ல போய் இருமி அவஸ்தைப்படுவாங்க. விரல்ல தொட்டு உதட்டுல வைங்க, சடங்கும் ஆகும் நோயாளிக்கும் நோகாது.

கடைசி ஒண்ணு ரெண்டு நாள் எப்படி இருக்கும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலனா வீடுங்கற முடிவு அந்த ராத்திரியே ஒடஞ்சிடும். கை கால் சில்லிடும், தோல்ல நீலமும் சிவப்புமா திட்டு திட்டா வரும், சிறுநீர் குறையும், மூச்சு வேகமா வாங்கி அப்படியே நின்னு மறுபடி ஆரம்பிக்கும், தொண்டையில கறகறனு ஒரு சத்தம் வரும். பாக்கறவங்களுக்கு மூச்சு அடைக்குதுனு தோணும், ஆனா அது முழுங்க முடியாம தொண்டையில நிக்கற எச்சில், அநேகமா நினைவு இல்லாத அவருக்கு அது கஷ்டமா தெரியறது இல்லைனுதான் டாக்டர்கள் சொல்றாங்க. ஒருக்களிச்சு படுக்க வச்சா குறையும், அதுக்கு மருந்தும் இருக்கு. இது தெரியாத வீட்டுல அந்த சத்தத்த கேட்டதும் யாராவது 108க்கு அடிச்சிடுவாங்க, வண்டி வந்தா அவங்க வேலை உயிரைக் காப்பாத்தறது, நேரா எமர்ஜென்சி, அங்கேந்து ஐசியூ. மாசக்கணக்கா வீட்டுல பாத்த ஆளோட கடைசி மணி நேரம் தெரியாத கட்டில்ல போயிடும். யாருக்கு மொதல்ல போன் போடணும்னு பெரிய எழுத்துல எழுதி சுவத்துல ஒட்டுங்க.

வீட்டுப் பராமரிப்புல இன்னொரு கணக்கு யாரும் போடறது இல்ல. டயப்பர் மாத்தறதும் ராத்திரி கண்ணு முழிக்கறதும் பெரும்பாலும் ஒரு பொம்பளை தலைலதான் விழும், மனைவி இல்லனா மருமக இல்லனா கல்யாணம் ஆகாத மக. அவளுக்கு வேலை போகுது, முதுகு போகுது, வர்ற சொந்தக்காரங்க எல்லாம் ஆப்பிள் வாங்கிட்டு வந்து அரை மணி நேரம் உக்காந்து "நல்லா பாத்துக்கோ"னு சொல்லிட்டு போயிடுவாங்க. அவகிட்ட கேக்காம வீட்டுல வச்சு பாக்கறதுனு ஆம்பளைங்க கூடி முடிவு பண்ணா அது சரியான முடிவே இல்லைனு நான் நெனைக்கிறேன். ராத்திரிக்கு யாரு, ஞாயித்துக்கிழமைக்கு யாருனு முறை போட்டு, முடிஞ்சா சம்பளத்துக்கு ஒரு ஆள் வச்சு, அப்பறம் முடிவு பண்ணுங்க.

ஹாஸ்பிஸ்

கடைசி கட்ட நோயாளிகளை வலி இல்லாம பாத்துக்கறதுக்குனே இருக்கற இடம்தான் ஹாஸ்பிஸ். இது நம்ம ஆளுங்களுக்கு அதிகம் தெரியாத வழி, தெரிஞ்சாலும் "கொண்டு போய் விட்டுட்டாங்க"ங்கற பேச்சுக்கு பயந்து போக மாட்டாங்க. 1967ல லண்டன்ல சிசிலி சாண்டர்ஸ் தொடங்கின செயின்ட் கிறிஸ்டோபர்ஸ்தான் இப்போ நாம பாக்கற ஹாஸ்பிஸுக்கு எல்லாம் தாய். அந்தம்மா நர்ஸா இருந்து, ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரா இருந்து, அப்பறம் டாக்டருக்கு படிச்சவங்க. உடம்பு வலியோட மனசு வலி, குடும்பக் கவலை, சாமி மேல வர்ற கேள்வி எல்லாம் சேந்துதான் வலினு அவங்க சொன்னதுதான் இந்தத் துறைக்கே அஸ்திவாரம். இந்தியால முதல்ல வந்தது மும்பையில 1986ல சாந்தி ஆவேத்னா. சென்னையில மணலி பக்கம் மாத்தூர்ல ஜீவோதயா இருக்கு, கன்னியாஸ்திரிகள் நடத்தறது, கைவிட்ட நிலைமையில இருக்கற புற்றுநோயாளிகளை காசு வாங்காம பாத்துக்கறாங்க. கேரளா இதுல ரொம்ப தூரம் போயிடுச்சு, 1993ல கோழிக்கோடுல ஒரு சின்ன சொசைட்டியா ஆரம்பிச்சது பக்கத்து வீட்டு வாலண்டியர்களை வச்சு ஊர் ஊரா பரவி, 2008ல மாநில அரசே தனிக் கொள்கை வெளியிட்டது.

ஐசியூவோட ஒப்பிட்டா இங்க மெஷின் சத்தம் இல்ல, கூடவே இருக்கலாம், வலி மருந்துல கை தேர்ந்தவங்க இருப்பாங்க. வீட்டோட ஒப்பிட்டா ராத்திரி பயம் இல்ல. மூக்குலயும் வாயிலயும் புண் அழுகி வாடை வர்ற கட்டம், இடுப்பெலும்பு வரைக்கும் போன படுக்கைப்புண், எந்த மாத்திரைக்கும் அடங்காத வலி, கூட யாருமே இல்லாத முதியவர், இந்த மாதிரி நிலைமைக்கு வீட்டை விட ஹாஸ்பிஸ்தான் மேல்னு தயங்காம சொல்வேன். எல்லா ஊர்லயும் இல்லாததும் படுக்கை கம்மியா இருக்கறதும்தான் குறை. போனா திரும்ப முடியாதுனும் இல்ல, பல இடத்துல சில நாள் சேத்து வலிய கட்டுக்குள்ள கொண்டு வந்து, வீட்டாளுங்களுக்கு டிரெஸ்ஸிங் கத்துக் கொடுத்து திருப்பி அனுப்புவாங்க, பாத்துக்கறவங்க கொஞ்சம் தூங்கி எழவும் அந்த நாட்கள் உதவும். "விட்டுட்டாங்க"னு பேசற சொந்தக்காரங்க யாரும் அந்தப் புண்ணுக்கு ஒரு நாள் கூட மருந்து கட்டினவங்களா இருக்க மாட்டாங்க.

இன்னொரு கீமோவா, நிறுத்தலாமா

புற்றுநோய்க்கு ஏத்தற கீமோ மருந்த தொடரணுமாங்கறது இடம் பத்தின கேள்வி இல்லனாலும் கூடவே வரும். ஆதரவு சிகிச்சைக்கு போனா கைவிட்டதா அர்த்தம்னு நெனைக்கிறவங்களுக்கு 2010ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆராய்ச்சிய சொல்லணும், பரவின நுரையீரல் புற்றுநோய் வந்த 151 பேரை ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை, இன்னொரு பாதிக்கு அதோட ஆரம்பத்துலேந்தே பேலியேட்டிவ் கேரும் சேத்து கொடுத்தாங்க. சேத்து வாங்கினவங்க கடைசில தீவிர சிகிச்சை கம்மியாத்தான் எடுத்தாங்க, மனச்சோர்வும் கம்மி, ஆயுளும் நடுவாந்தரமா 8.9 மாசத்துக்கு பதிலா 11.6 மாசம் இருந்தது. ஒரே ஒரு ஆராய்ச்சி, எல்லா நோய்க்கும் இதே கணக்கு வரும்னு சொல்ல முடியாது, ஆனா ரெண்டுல ஒண்ணத்தான் எடுக்கணும்ங்கற நெனப்பு தப்புனு நல்லா தெரியுது. கீமோ ஓடும்போதே வலி டாக்டரையும் பாருங்க.

நோயாளிகிட்ட சொல்றதா வேண்டாமா

மேல சொன்ன எந்த முடிவுக்கும் முன்னாடி வர்ற முடிவு இது, நம்ம வீடுகள்ல பெரும்பாலும் இது நோயாளிய அறைக்கு வெளியில வச்சுட்டுத்தான் எடுக்கப்படுது. "டாக்டர், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, சொன்னா உடைஞ்சி போயிடுவாரு." பிள்ளைங்க பாசத்துலதான் சொல்றாங்க. ஆனா அந்த அப்பா புற்றுநோய் வார்டுல உக்காந்திருக்காரு, பக்கத்து படுக்கைக்காரரோட பேசறாரு, முடி கொட்டுது, ஊர்லேந்து வராதவங்க எல்லாம் வந்து பாத்துட்டு கண்ண தொடச்சிட்டு போறாங்க, அவருக்கு தெரியாதுனா நெனைக்கிறீங்க? பல வீட்டுல பிள்ளைங்களுக்காக அவரு தெரியாத மாதிரி இருக்காரு, அவருக்காக பிள்ளைங்க நல்லாகிடும்னு சொல்றாங்க, ஒருத்தருக்கொருத்தர் காவல் காத்துட்டு கடைசி வரைக்கும் பேசாமலே பிரிஞ்சிடறாங்க.

சொல்லாம இருக்கறதுல ஒரு நல்லது உண்டு, சிலருக்கு உண்மையிலேயே தெரிஞ்சுக்க வேண்டாம், "எதுவா இருந்தாலும் பையன்கிட்ட பேசிக்கோங்க டாக்டர்"னு அவங்களே சொல்லிடுவாங்க, அது அவங்க உரிமை, அவங்கள உக்கார வச்சு ஸ்கேன் ரிப்போர்ட்ட படிச்சுக் காட்டறது கொடுமை. ஆனா கேக்கறவருக்கு மறைச்சா இழப்பு பெருசு. நிலத்த பிரிச்சு எழுத, நாமினி மாத்த, குலதெய்வம் கோயிலுக்கு ஒரு தடவ போக, பேத்தி நிச்சயதார்த்தத்த முன்னாடி வைக்க, மன்னிப்பு கேக்க, எல்லாத்துக்கும் நேரம் இருக்கறப்பவே தெரியணும். ஐசியூ வேணுமா வேண்டாமானு அவரே சொல்லிட்டா, பின்னாடி பிள்ளைங்க காலத்துக்கும் "நாமதான் தப்பா முடிவெடுத்துட்டோமோ"னு நெஞ்ச அறுத்துக்க வேண்டியது இல்ல.

நான் பாத்த நல்ல டாக்டருங்க யாரும் திடீர்னு போட்டு உடைக்கல. "உங்க உடம்பப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க?"னு கேட்டாங்க. "ரொம்ப நாள் தாங்காதுனு தோணுது"னு அவரு சொன்னா, "எதனால அப்படி தோணுது?"னு அடுத்த கேள்வி. அவரு எந்த வாசல் வரைக்கும் வர்றாரோ அது வரைக்கும் கூட போனாங்க. வீட்டுலயும் இத செய்யலாம். "அப்பா, எதாவது சொல்லணும்னு நெனைக்கிறியா?"னு கேட்டுட்டு சும்மா இருங்க. உடனே "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"னு வாய அடைச்சிடாதீங்க.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏத்துக்கறதுனு மனசு கடக்கற அஞ்சு கட்டம் 1969ல மனநல டாக்டர் எலிசபெத் கூப்ளர்ராஸ் சொன்னதா எல்லாரும் கேட்டிருப்பீங்க. அவங்க சாகப்போற நோயாளிகளோட பேசித்தான் அத சொன்னாங்க, ஆனா வரிசையா அப்படியே நடக்கும்னு எதிர்பாக்காதீங்க. காலைல ஏத்துக்கிட்டு பேசறவரு சாயந்திரம் அடுத்த தீபாவளிக்கு துணி எடுக்கணும்னு சொல்வாரு, ரெண்டுமே உண்மைதான், திருத்தப் போகாதீங்க.

வெளியூர்ல இருக்கற பிள்ளைங்க விஷயம் தனி. துபாய்லேந்தோ சிங்கப்பூர்லேந்தோ கடைசி நேரத்துல வந்து இறங்கற மகன் "ஏன் பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகல"னு சத்தம் போட்டு, மூணு மாசமா பாத்தவங்க எடுத்த முடிவ ஒரே மணி நேரத்துல மாத்திடறது நடக்குது. அது அவரோட குற்ற உணர்ச்சி பேசறது, அவரையும் குத்தம் சொல்ல முடியாது. அதனால டாக்டரோட பேசறப்போ அவரையும் வீடியோ கால்ல சேத்துடுங்க, வரச் சொல்றதையும் மூச்சு வாங்கற நாள் வரைக்கும் தள்ளிப் போடாம அப்பா பேசற நிலைமையில இருக்கறப்பவே வரச் சொல்லுங்க. சின்னப் பிள்ளைங்களையும் அறைக்குள்ள விடுங்க, தாத்தா தூங்கறாருனு மட்டும் சொல்லாதீங்க, அப்பறம் அதுங்க ராத்திரி தூங்கவே பயப்படும்.

எது யாருக்கு

என் கணிப்ப கேட்டா இப்படி சொல்வேன். பரவின புற்றுநோய், வலி மாத்திரைக்கு அடங்குது, வீட்டுல ரெண்டு மூணு பேரு இருக்காங்க, கூப்பிட்டா வர்ற நர்ஸ் இருக்காங்கனா வீடு. அதே நோய், வலி அடங்கல இல்ல ஆளு இல்லனா ஹாஸ்பிஸ், அது பக்கத்துல இல்லனா பேலியேட்டிவ் வார்டு இருக்கற ஆஸ்பத்திரியில சாதாரண வார்டு, ஐசியூ இல்ல. இதயம் பலவீனமானவங்களுக்கும் பீடி சிகரெட்டால நுரையீரல் போனவங்களுக்கும் முடிவு கஷ்டம், ஏன்னா அவங்க ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்கு போய் தேறி தேறி வந்தவங்க, எந்தத் தடவ கடைசினு யாராலயும் சொல்ல முடியாது, அவங்க விஷயத்துல ஆஸ்பத்திரிக்கு போகலாம், ஆனா குழாய் போடணுமானு தேறி வந்த நல்ல நாள்லயே கேட்டு வச்சிடணும். டயாலிசிஸ் நிறுத்தறவங்களுக்கு பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள முடிஞ்சிடும், அந்த நாட்களுக்கு மூச்சுத்திணறலுக்கும் குமட்டலுக்கும் மருந்து தயாரா இல்லாம நிறுத்தக் கூடாது. முத்தின நினைவிழப்பு நோயில மூக்குல குழாய் போட்டு சாப்பாடு கொடுத்தா ஆயுள் கூடுதுனு ஆராய்ச்சிகள்ல தெரியல, அவங்க அத புடுங்கிக்கிட்டே இருப்பாங்க, பொறுமையா கையால ஊட்டறதுதான் நல்லது.

வீட்டுல உயிர் போனா காகித வேலையும் நம்ம தலைலதான். ஆஸ்பத்திரியில இறந்தா அவங்களே சான்று கொடுத்துடுவாங்க, வீட்டுல இறந்தா கடைசியா சிகிச்சை பாத்த டாக்டர் வந்து பாத்து இறப்புக்கான காரணத்த எழுதிக் கொடுக்கணும், மின் மயானத்துல அத கேப்பாங்க. அதனால "வீட்டுல நடந்தா நீங்க வந்து எழுதித் தருவீங்களா?"னு அந்த டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வைங்க, கேக்க சங்கடமாத்தான் இருக்கும், ஆனா பழகின டாக்டர் யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. இறப்ப 21 நாளுக்குள்ள பதிவு பண்ணா கட்டணம் இல்ல. ஆதார் நகல், சிகிச்சை ஃபைல், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் ஒரே பையில போட்டு வைங்க. மிச்சமான மார்பின் மாத்திரைய வீட்டுல வச்சிருக்காம, தூக்கியும் போடாம, வாங்கின இடத்துலயே திருப்பிக் கொடுத்துடுங்க.